சாம்பலில் படுத்தவன்

ஹட்டனிலிருந்து வருகிற பஸ் டிக்கோயாவைக் கடந்து, காசல்ரீ நீர்த்தேக்கத்தின் ஓரமாகவே வளைந்து வளைந்து நோர்வூட்டுக்குள் நுழைந்ததும் பாதை பிரியும். ஒன்று பொகவந்தலாவைக்குப் போகும். மற்றது மஸ்கெலியா வழியாக நல்லதண்ணிக்கு, அங்கிருந்து சிவனொளிபாதமலைக்கு. மார்கழிப் பௌர்ணமியில் தொடங்கி வைகாசிப் பௌர்ணமி வரைக்கும் இரவெல்லாம் அந்தப் பாதையில் வாகன வெளிச்சம் ஓடும். எங்கள் லயத்து இஸ்தோப்பில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தால் அந்த வெளிச்சம் மலையில் ஏறுவதும் மறைவதும் தெரியும். அப்பாயி கதை சொன்னது அந்த நேரங்களில்தான். விடிவதற்குள் எழுந்து, பெரட்டுக்குப் போய், நாள் முழுக்கக் கொழுந்தெடுத்து, அந்தி நிறுவை முடிந்து வந்து, அடுப்பு மூட்டி, ரொட்டி தட்டிப் போட்டு, எல்லாம் ஒதுக்கிய பிறகு அவளிடம் மிச்சமிருந்த குரலில் விக்கிரமாதித்தன் வந்தான்.

அவள் சொன்ன விக்கிரமாதித்தன் ஏறக்குறைய ஒரு துரை. தொப்பியும் கால்சட்டையும் அவள் வாயில் வந்ததில்லை. ஆனால் அவன் நடந்து வந்தால் ஆட்கள் பாதையோரம் ஒதுங்கி நிற்பார்கள், அவன் கேட்டால் மட்டுமே பேசுவார்கள். மந்திரி பட்டி கணக்கப்பிள்ளையின் சாயல். வேதாளம் ஒன்றுதான் எங்கள் லயத்து ஆள்போலப் பேசும். அரசனைப் பார்த்து அது ‘ஏய்யா ராசா’ என்று கூப்பிடும்போது நாங்கள் சிரிப்போம். துரையின் தோளில் ஏறி உட்கார்ந்துகொண்டு துரையையே கேள்வி கேட்கிற ஒன்று உலகத்தில் உண்டென்பது எங்களுக்குப் பேயைவிடப் பெரிய அதிசயம்.

முருங்கை மரத்தில் ஒரு சிக்கல் இருந்தது. நோர்வூட் குளிருக்கு முருங்கை வராது. காய், கீழ்நாட்டிலிருந்து லொறியில் வந்து சந்தைக்குக் கட்டாக இறங்கும். மரத்தை நான் பார்த்ததில்லை. எனக்குத் தெரிந்த முருங்கை, தேயிலைக்கு நிழலாக நட்டு, தழைக்காகத் தலையை வெட்டி வெட்டி விடுகிற முள்முருங்கைதான். ஆகவே என் வேதாளம் தேயிலை மலைக்கு நடுவில், கை வெட்டுப்பட்ட மரத்தில், தலைகீழாகத் தொங்கியது. பிற்பாடு அம்புலிமாமாவில் ஓவியர் சங்கர் வரைந்த அந்தப் பெயர்பெற்ற படத்தைப் பார்த்தபோது, உருவிய வாளும் தோளில் பிணமுமாக அரசன் நடக்கிற அந்தக் காட்சியில், மரம் தப்பாக இருக்கிறதே என்று எனக்குக் குறையாகப் பட்டது. வடமொழிக் கதையில் அது முருங்கையும் அன்று, சிம்சுபா. வால்மீகியில் அனுமன் ஏறி ஒளிந்துகொண்டு சீதையைப் பார்த்த மரமும் சிம்சுபாவே. அசோகவனம் இங்கேதான் என்று நுவரெலியாப் பக்கம் ஹக்கலை மலையடிவாரத்தில் சீதா எலிய கோயிலைக் காட்டுவார்கள். ஒரே சாதி மரம். ஒன்றில் தூதன் ஒளிந்திருந்து ஒரு பெண் படும் துன்பத்தைப் பார்க்கிறான். மற்றதில் பேய் தொங்கிக்கொண்டு மனிதர் படும் துன்பத்தைப் பற்றிக் கேட்கிறது. கீழே, ஒரு பெண்ணின் மனம் ஏன் தனக்கு இணங்கவில்லை என்று கடைசிவரை விளங்காமலே கெடு வைத்துவிட்டுப் போன அரக்க அரசன்.

வேதாளத்தின் ஒப்பந்தத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கவேண்டும்.

பதினோராம் நூற்றாண்டில் காஷ்மீரத்தில் சோமதேவர் எழுதிய கதாசரித்சாகரத்தில் அரசன் பெயர் திரிவிக்கிரமசேனன். ஒரு பிக்கு நாள்தோறும் சபைக்கு வந்து ஒரு பழத்தைக் கொடுத்துவிட்டுப் போகிறான். அரசன் அதை வாங்கிப் பொக்கிஷக்காரனிடம் போடுகிறான். ஒருநாள் குரங்கொன்று பழத்தைக் கடிக்க, உள்ளேயிருந்து இரத்தினம் விழுகிறது. போய்ப் பார்த்தால் அழுகிப்போன பழங்களுக்கு நடுவே இரத்தினக் குவியல். இத்தனைக்கும் பதிலாக என்ன வேண்டும் என்று அரசன் கேட்டாக வேண்டிய கட்டாயம். சுடுகாட்டுக்கு அப்பால் மரத்தில் தொங்கும் பிணத்தைக் கொண்டுவந்து தா என்கிறான் பிக்கு. கேட்காமலே கொடுத்துக் கடனாளியாக்குவது பழைய உத்தி. கங்காணி திருச்சிப் பக்கத்துக் கிராமங்களில் முன்பணம் கொடுத்து ஆள் கட்டியதும், அந்தக் கடனைத் துண்டுச் சீட்டில் எழுதித் தோட்டத்துக்குத் தோட்டம் ஆளை மாற்றியதும் இப்படித்தான். துண்டு முறை 1921இல் ஒழிக்கப்பட்டது. அரசனும் அந்த இரவில் துண்டு எழுதிக் கொடுத்த ஆள்தான்.

பிணத்துக்குள் வேதாளம். அது போடுகிற நிபந்தனை: வழிநடைக்கு ஒரு கதை சொல்வேன், கடைசியில் ஒரு கேள்வி கேட்பேன். பதில் தெரிந்தும் பேசாதிருந்தால் உன் தலை வெடிக்கும். பேசினால் நான் மரத்துக்குப் போய்விடுவேன். சுமையைக் கொண்டுபோய்ச் சேர்க்க மௌனம் வேண்டும். உயிர் தரிக்கப் பேச்சு வேண்டும். இரண்டுக்கும் இடுக்கில் அரசன் நடக்கிறான். பேசுகிறான், சுமை போய்விடுகிறது, திரும்பி நடக்கிறான். இப்படி இருபத்து மூன்று முறை. வேதாளம் மறுபடி முருங்கை மரம் ஏறிற்று என்று பிடிவாதக்காரரைப் பார்த்து நாம் சொல்கிறோம். பழமொழி வேதாளத்தைக் குற்றம் சொல்கிறது. ஒவ்வொரு தடவையும் அதை மரத்துக்கு அனுப்பி வைத்தது அரசனின் வாய் என்பதைப் பழமொழி மறந்துவிட்டது.

இந்தப் பேரத்தில் வேதாளத்துக்கு என்ன லாபம்? பொன் கேட்கவில்லை, பலி கேட்கவில்லை. நாட்டின் எல்லை எது, படை எவ்வளவு என்று அரசனிடம் கேட்கத் தகுந்ததையும் கேட்கவில்லை. கேட்பதெல்லாம் யாருடைய அன்பு பெரிது, யாருக்கு யார் உறவு, யார் செய்தது தியாகம், அவன் ஏன் அழுதான், பிறகு ஏன் சிரித்தான் என்பவை. செத்தவன் உடம்பில் குடியிருக்கிற ஒன்று கேட்கிற கேள்விகள் இவை. அதற்குக் கை இருக்கிறது, கண் இருக்கிறது, நாக்கு இருக்கிறது. அவை எதற்காக இருந்தன என்பது மட்டும் தெரியவில்லை. வாடகை வீட்டில் பழைய குடித்தனக்காரர் விட்டுப்போன சாமான்களைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறவர்போல அது அந்த உடம்பைப் பார்க்கிறது என்று எனக்குத் தோன்றும்.

மாசி மாதத்தில் எங்கள் தோட்டங்களில் காமன் கூத்து நடக்கும். அங்கே மன்மதனுக்கு நேர்வது நேர் எதிர். சிவன் நெற்றிக்கண்ணைத் திறக்க அவன் எரிகிறான். ரதி தப்புச் சத்தத்துக்கு நடுவே விடிய விடியப் புலம்பி, ஆண்டவனிடமே வழக்காடி, ஒரு உடன்படிக்கைக்கு வருகிறாள்: அவன் இருப்பான், ஆனால் அவள் கண்ணுக்கு மட்டும் தெரிவான். உடம்பில்லாத உணர்ச்சி அனங்கன். உணர்ச்சியில்லாத உடம்பு வேதாளம். ஒரே லயத்தில் இரண்டு கதையையும் கேட்டு வளர்ந்த எங்களுக்கு, இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோதான் மனிதர் இருக்கிறார்கள் என்று யாரும் தனியாகச் சொல்லித் தரவில்லை.

மூன்று மெல்லியலாரின் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். உச்சயினி அரசனுக்கு மூன்று ராணிகள். காதில் செருகிய பூ மடியில் விழுந்து ஒருத்திக்குக் காயம். நிலா வெளிச்சம் பட்டு இன்னொருத்தியின் மேனி கொப்பளித்தது. மூன்றாமவள், எங்கோ தூரத்து வீட்டில் யாரோ நெல் குத்துகிற உலக்கைச் சத்தத்தைக் கேட்டாள். அவள் உள்ளங்கை கன்றிப்போனது. யார் மிக மென்மையானவள்? மூன்றாமவள்தான், மற்ற இருவரையும் ஏதோ ஒன்று தொட்டது, இவளை எதுவும் தொடவில்லை என்கிறான் அரசன்.

அரண்மனைச் சீமாட்டிகளின் சொகுசைக் கேலி செய்ய எழுந்த கதையாக இருக்கலாம். அப்பாயிக்கு இந்தக் கதை பிடிக்காது. ‘கூடையத் தூக்கச் சொல்லு அவளுகள’ என்று முடித்துவிடுவாள். காம்புச் சாறு ஏறிக் கறுத்து, வெடித்து, ஊசியால் குத்தினாலும் உறைக்காத விரல்கள் அவளுடையவை. ஆனால் எனக்கு இந்த மூன்றாமவளை விட மனம் வரவில்லை. இன்னொருத்தி உலக்கை பிடிக்கிறாள், தன் கை கன்றுகிறது. இதைச் சொகுசு என்பதா, வேறு பெயர் இருக்கிறதா? ஒன்றரை நூற்றாண்டாக இங்கிருந்து பெட்டி பெட்டியாகத் தேயிலை கப்பலேறியிருக்கிறது. குடித்த கோடிக்கணக்கான பேரில், கோப்பையைப் பிடித்த கை ஒருநாளாவது கன்றியவர் எத்தனை பேர் என்று வேதாளம் கேட்டால் பதில் சொல்ல நேரம் அதிகம் பிடிக்காது.

தலை மாறிய கதை எல்லோருக்கும் தெரியும். தாமஸ் மன் அதை 1940இல் குறுநாவலாக்கினார், கிரிஷ் கர்னாட் அதிலிருந்து ‘ஹயவதன’ நாடகத்தை எடுத்தார். அதை விட்டுவிடுகிறேன். நான் திரும்பத் திரும்பப் போய் நிற்பது மந்தாரவதியின் கதையில்.

யமுனைக்கரை அந்தணன் ஒருவனின் மகள் மந்தாரவதி. பெண் கேட்டு மூன்று இளைஞர் வருகிறார்கள். ஒருவனுக்குக் கொடுத்தால் மற்ற இருவர் உயிரை விடுவார்கள் என்ற பயத்தில் தகப்பன் யாருக்கும் கொடுக்கவில்லை. பெண் காய்ச்சலில் செத்துப்போகிறாள். எரித்தாகிவிட்டது. ஒருவன் அந்தச் சுடலையிலேயே குடிசை போட்டு, பிச்சை எடுத்துத் தின்று, அவள் சாம்பல்மேல் படுத்துக்கொள்கிறான். இரண்டாமவன் எலும்பைப் பொறுக்கிக்கொண்டு கங்கைக்குப் போகிறான். மூன்றாமவன் தேசாந்திரியாக அலைந்து, ஒரு வீட்டில் செத்ததைப் பிழைக்க வைக்கும் மந்திர ஏட்டைக் கண்டு, அதைக் கொண்டு திரும்புகிறான். சாம்பல், எலும்பு, மந்திரம் மூன்றும் சேர்ந்ததும் பெண் எழுந்துவிட்டாள். மறுபடி மூவருக்கும் வழக்கு. அவள் யாருக்குரியவள்?

அரசன் சொன்ன பதில்: உயிர் கொடுத்தவன் தகப்பன் முறை. எலும்பைக் கங்கையில் சேர்த்தவன் பிள்ளை முறை. சாம்பலில் படுத்துக் கிடந்தவன்தான் கணவன்.

மந்திரம் வைத்திருந்தவன் பெரிய காரியம் செய்தான். கங்கைக்குப் போனவன் முறையான காரியம் செய்தான். சாம்பலில் படுத்தவன் எதுவுமே செய்யவில்லை, போகாமல் இருந்தான், அவ்வளவுதான். ஒரு பேய்க்கு இது விளங்கியிருக்குமா என்று யோசித்திருக்கிறேன். செயலைத்தான் வெளியிலிருந்து பார்த்துக் கணக்கெடுக்க முடியும். போகாமல் இருப்பதை எப்படிக் கணக்கெடுப்பது? பதிலைக் கேட்டதும் வேதாளம் மறுபேச்சின்றி மரத்துக்குப் போனது. இந்தக் கதைக் கடல் முழுவதும் காஷ்மீர அரசன் அனந்தனின் மனைவி சூரியவதியின் மன ஆறுதலுக்காக எழுதப்பட்டது. மகனோடு மூண்ட பகையில் அனந்தன் 1081இல் தன்னைத்தானே மாய்த்துக்கொண்டபோது அவள் அவனுடைய சிதையில் ஏறினாள். கதை அவளுக்கு என்ன ஆறுதலைத் தந்ததோ.

விக்கிரமாதித்தனுக்குத் தமிழில் இன்னொரு பேரமும் உண்டு. ஆயிரம் ஆண்டு ஆயுளை இரண்டாயிரமாக்க, நாட்டில் ஆறு மாதம், காட்டில் ஆறு மாதம் என்ற ஏற்பாடு. கோப்பிக் காலத்தில் எங்கள் ஆட்கள் அப்படித்தான் வாழ்ந்தார்கள். கோப்பி பழுக்கும் பருவத்துக்குக் கடல் கடந்து, மன்னாரிலிருந்து காட்டு வழியாக நடந்து மாத்தளைக்கு வந்தார்கள். வழியில் விழுந்தவர் போக மிஞ்சியவர் பழம் பறித்து முடித்து ஊருக்குத் திரும்பினார்கள். காடாறு மாதம், நாடாறு மாதம். 1869இல் கோப்பி இலையில் துருநோய் கண்டது. இரண்டு ஆண்டுக்கு முன்பே ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் தேயிலை போட்டிருந்தார். தேயிலைக்குப் பருவம் கிடையாது. வாரத்துக்கு வாரம் துளிர்க்கும், துளிர்த்தால் எடுத்தாக வேண்டும். ஆறு மாதம் போதாது, ஆயுள் முழுவதும் வேண்டும் என்றது தேயிலை. அதன் பிறகு செத்தவர்களை மலையிலேயே புதைத்தார்கள். கல்லறை என்று எதுவும் இல்லை. சில காலத்தில் அதன்மேலும் தேயிலை ஏறிவிடும்.

1948இல் சுதந்திரம் வந்தது. அதே ஆண்டில் வந்த 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் எங்கள் ஆட்களை யாருமில்லாதவர்கள் ஆக்கியது. முந்தைய ஆண்டில்தான் இலங்கை இந்தியக் காங்கிரஸ் பாராளுமன்றத்துக்கு ஏழு பேரை அனுப்பியிருந்தது. சௌமியமூர்த்தி தொண்டமான் நுவரெலியாவிலிருந்தும் சி. வி. வேலுப்பிள்ளை தலவாக்கலையிலிருந்தும் போயிருந்தார்கள். ஆண்டுகள் கழிந்து 1964 அக்டோபர் 30ஆம் திகதி, தில்லியில் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் லால்பகதூர் சாஸ்திரியும் கையெழுத்திட்டார்கள். மொத்தம் 975,000 பேர். 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு. மிச்சம் 150,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு. பத்து ஆண்டு கழித்து சிறிமாவோவும் இந்திரா காந்தியும் அந்த மிச்சத்தை ஆளுக்கு 75,000 என்று சரி பாதியாக வெட்டினார்கள்.

நிறுவைக் கொட்டிலில் கொழுந்து குறைந்தால் அரைப் பேர் போடுவது தோட்டத்து வழக்கம். ஒரு நாளுக்கு ஒரு பேர், குறைந்தால் அரைப் பேர். ஆளைப் பாதியாக்கிக் கணக்கெழுதத் துரைமாருக்குத் தெரியும் என்பதை நாங்கள் அறிவோம். பிரதமர்களுக்கும் தெரியும் என்பதை அன்றைக்குத் தெரிந்துகொண்டோம்.

தில்லி மேசையில் ஒரு வேதாளம் இருந்திருக்கவேண்டும் என்பது என் ஆசை. சுடலைக் கதையை அங்கே சொல்லி, ராசாக்களே, இவர்கள் யாருக்குரியவர்கள் என்று அது கேட்டிருக்கவேண்டும். ஒரு பக்கம் மந்திரம் வைத்திருப்பதாகச் சொல்லும் அரசு, பிரஜாவுரிமை என்ற மந்திரத்தை ஓதினால் இவர்கள் உயிரோடு எழுவார்கள். மறுபக்கம் எலும்பைக் கொண்டுபோய்க் கங்கையில் சேர்ப்பது என் கடமை என்ற அரசு. சாம்பலில் படுத்துக் கிடந்தவர் யார்? அந்த 975,000 பேருமே. கதையில் பெண்ணும் அவர்கள்தான், சாம்பலில் படுத்தவனும் அவர்கள்தான் என்பதால் வழக்கு கொஞ்சம் சிக்கல். அரசர்களுக்குப் பதில் தெரியாதிருந்தது என்று நான் நம்பவில்லை. தெரிந்திருந்தது. பேசவில்லை. யார் தலையும் வெடிக்கவில்லை. சுமை ஒரே நடையில் போய்ச் சேர்ந்தது.

ஹட்டன் ஸ்டேஷனில் தலைமன்னாருக்குப் போகிறவர்களை ஏற்றிய கோச்சிக்கு ஒப்பாரிக் கோச்சி என்று பேர் வந்தது. ஜன்னல் வழியாகக் கையைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடுவார்கள். அப்பாயியின் தங்கை குடும்பம் அதில்தான் போனது. நீலகிரியில் கூடலூர்ப் பக்கம், அங்கேயும் தேயிலை. தமிழ்நாடு அரசு, தாயகம் திரும்பியோருக்காகவே தோட்டங்கள் போட்டு, பிறகு டான்டீ என்று கழகமும் அமைத்தது. எலும்பைச் சுமந்தவனும் தன் பங்குக்குச் செய்யாமல் இல்லை என்பதைச் சொல்லியாகவேண்டும்.

இந்தத் தீவில் அரசனும் அமானுஷ்யமும் செய்துகொண்ட முதல் பேரம் குவேனியினுடையது. மகாவம்சத்தில் அவள் இயக்கி. ஆனால் அறிமுகமாகும்போது மரத்தடியில் தவசிபோல் உட்கார்ந்து நூல் நூற்றுக்கொண்டிருக்கிறாள். விஜயன் அவளைப் பிடித்து வாளை ஓங்குகிறான். உயிரை விடு, உனக்கு அரசைத் தருகிறேன் என்கிறாள். வஞ்சிக்கமாட்டேன் என்று அவளிடம்தான் சத்தியம் வாங்கப்பட்டது, அவனிடம் யாரும் வாங்கவில்லை. சொன்னபடி அவள் தன் இனத்தையே காட்டிக்கொடுத்து நாட்டைத் தருகிறாள். இரண்டு பிள்ளைகள் பிறக்கின்றன. முடிசூட அரசகுலப் பெண் வேண்டும் என்று ஆனபோது மதுரைக்குத் தூது போகிறது. பாண்டியன் மகளும் அவளோடு பதினெண்தொழில் குடும்பங்கள் ஆயிரமும் கரையிறங்குகின்றன. குவேனியிடம், பிள்ளைகளை விட்டுவிட்டு நீ போ, மனிதருக்கு உன்னைப்போன்றவர்களிடம் பயம் என்கிறான் விஜயன். அவள் கலங்குகிறாள். தாமதிக்காதே, உனக்கு ஆயிரம் செலவில் பலி கொடுக்க ஏற்பாடு செய்கிறேன் என்கிறான்.

அந்த ஆயிரத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்குச் சுருக்கென்கும். நாட்சம்பளம் ஆயிரம் ரூபாய் கேட்டு இந்த மலைகளில் ஆண்டுக்கணக்கில் நடந்த போராட்டம், 2021 மார்ச் மாதத்தில், 900 அடிப்படையும் 100 கொடுப்பனவுமாக, வர்த்தமானியில் வந்தபோது ஆயிரத்தின் பெறுமதி எங்கோ போயிருந்தது. இலங்கையில் பிரிவுக்கும் உழைப்புக்கும் அரசர்கள் விலை வைத்தால் அது ஆயிரமாகத்தான் இருக்கும்போலும்.

குவேனி தன் இனத்தாரிடமே போகிறாள், துரோகி என்று அவர்கள் அடித்துக் கொன்றுவிடுகிறார்கள். மாமன் ஒருவன் பிள்ளைகளை ஓடச் சொல்கிறான். அவர்கள் ஓடி ஏறிய மலை சுமணகூடம், அதாவது எங்கள் சிவனொளிபாதம். அங்கே மலையநாட்டில் அவர்கள் பெருகிப் புளிந்தர் ஆனார்கள் என்று முடிக்கிறது மகாவம்சம். நோர்வூட் சந்தியில் பஸ்ஸுக்கு நிற்கும்போது அந்தப் பக்கம் பார்ப்பேன். கைவிடப்பட்ட இரண்டு பிள்ளைகள் இந்த வழியாகத்தான் ஏறியிருக்கவேண்டும் என்று நினைப்பதற்குச் சரித்திர ஆதாரம் வேண்டியதில்லை. அந்தக் கதையில் உணர்ச்சி தெரிந்தவள் இயக்கி, தெரியாதவன் அரசன். வேதாளம் ஆள் மாறிக் கேட்டிருக்கிறது.

பிறகு வந்த பண்டுகாபயன் விவரமானவன். அநுராதபுரத்தில் இயக்கர்களுக்கு இடம் ஒதுக்கி, விழா நாட்களில் சித்தராஜன் என்ற இயக்கனைத் தனக்குச் சமமான உயரத்தில் ஆசனமிட்டு உட்காரவைத்தானாம். சம உயர ஆசனம்! இந்த நாட்டில் அது எவ்வளவு பெரிய விஷயம் என்று பாராளுமன்றத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

தொண்டமானை இந்த இடத்தில் சொல்லாமல் போகமுடியாது. அவரைப் பற்றி எனக்கு முணுமுணுப்புகள் உண்டு, மலையகத்தில் யாருக்குத்தான் இல்லை. ஆனால் 1978இல் ஜே.ஆர். ஜயவர்தனவின் அமைச்சரவைக்குள் போய் உட்கார்ந்ததை, துரையின் தோளில் ஏறிய செயலாகவே பார்க்கிறேன். வெளியே நின்று கேட்ட கேள்வி முப்பது ஆண்டாகக் காற்றில் போயிற்று. தோளில் இருந்து கேட்டால் சுமப்பவனுக்குக் காது வலிக்கும். 1986 தைப்பொங்கலை ஒட்டி, வேலைக்குப் போகாமல் காலையில் கோயில்களில் உட்கார்ந்து பிரார்த்தனை செய்யும் போராட்டம் தொடங்கியது. தொழிலாளி கடவுளைக் கும்பிடுகிறான், அவனை என்ன குற்றம் சொல்வது? கொழுந்து முற்றிக்கொண்டிருந்தது. அரசு பேச வந்தது. 1988இல் ஒரு சட்டம், 2003இல் இன்னொரு சட்டம், அத்தோடு நாடற்றவர் என்ற சொல் ஏட்டளவில் தீர்ந்தது.

அவர் பெயரைத் தாங்கிய நோர்வூட் மைதானத்துக்கு 2017 மே 12ஆம் திகதி இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி வந்தார். விடியுமுன்பே லொறியிலும் பஸ்ஸிலும் ஆட்கள் வந்து நிறைந்துவிட்டார்கள். மேடையில் இரண்டு நாட்டு ஆட்சியாளர்களும் பக்கத்தில் பக்கத்தில். ஏற்கெனவே கட்டுகிற வீடுகளோடு இன்னும் பத்தாயிரம் வீடு என்று அறிவித்தபோது கை தட்டினார்கள், நானும் தட்டினேன். எனக்கு முன்னால் நின்றிருந்த வயதான பெண் ஒருத்தி கை தட்டவில்லை. மேடையையே பார்த்துக்கொண்டு, ‘இவுங்கதானா நம்மளப் பிரிச்சவுங்க?’ என்று பக்கத்தில் நின்ற பேரனைக் கேட்டாள். ‘அவுங்க வேற ஆளுங்க அம்மாயி, அவுங்கெல்லாம் செத்துட்டாங்க’ என்றான் பையன். அவள் தலையாட்டிக்கொண்டாள். அவ்வளவு தூரம் வந்ததற்கு அவளிடம் ஒரே கேள்விதான் இருந்திருக்கிறது.

வேதாளத்தின் கடைசிக் கதையில் ஒரு தகப்பனும் மகனும் காட்டில் இரண்டு பெண்களின் காலடித் தடத்தைக் காண்கிறார்கள். பெரிய பாதம் உள்ளவளைத் தகப்பனும் சிறிய பாதம் உள்ளவளை மகனும் கட்டிக்கொள்வது என்று பேச்சு. கண்டுபிடித்துப் பார்த்தால் பெரிய பாதம் மகளுக்கு, சிறியது தாய்க்கு. வாக்கை மாற்றமுடியாமல் அப்படியே மணந்துகொள்கிறார்கள். பிறக்கிற பிள்ளைகள் ஒன்றுக்கொன்று என்ன முறை? அரசன் யோசித்துப் பார்க்கிறான், ஒன்றும் பிடிபடவில்லை, பேசாமல் நடக்கிறான். முதல் தடவையாக அவனுக்குப் பதில் தெரியவில்லை. அந்த மௌனத்தில் வேதாளம் மகிழ்ந்து, பிக்குவின் சூழ்ச்சியைச் சொல்லி, உயிரைக் காப்பாற்றிக்கொள்ளும் வழியையும் சொல்லிக்கொடுக்கிறது. எத்தனை உறவுக்குத்தான் பெயர் இல்லை. இந்தியத் தமிழர், இந்திய வம்சாவளியினர், தோட்டத் தொழிலாளர், மலையகத் தமிழர் என்று எங்களுக்கே ஆளுக்கொரு பெயர். 2023இல், வந்து இருநூறு ஆண்டு ஆனதை ஒட்டி, தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு அந்தப் பழைய வழியில் நடந்தார்கள். வழியோரத்தில் விழுந்தவர்கள் எங்களுக்கு என்ன முறை என்று கேட்டால் நானும் பேசாமல்தான் நடக்கவேண்டும். தெரியாமல் பேசாதிருப்பதும் தெரிந்தும் பேசாதிருப்பதும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும். வேதாளத்துக்கு மட்டும் வித்தியாசம் தெரியும்.

அரசன் அதனிடம் ஒரு வரம் கேட்கிறான், இந்தக் கதைகள் உலகத்தில் நிலைக்கவேண்டும் என்று. அப்படியே ஆகட்டும், இவை சொல்லப்படுகிற இடத்தில் இயக்கரோ பேயோ அரக்கரோ தீண்டமாட்டார்கள் என்று வேதாளம் வரம் கொடுத்ததாகச் சோமதேவர் எழுதியிருக்கிறார். இதை நான் படித்தது பெரியவனான பிறகு. அப்பாயிக்கு எழுத்து தெரியாது. சோமதேவரையோ அந்த வரத்தையோ அவள் கேள்விப்பட்டிருக்க வழியில்லை.

1983 ஜூலைக் கடைசியில், ஹட்டன் பக்கம் புகை தெரிகிறது என்று யாரோ ஓடிவந்து சொன்ன இரவில், லயத்துச் சனம் முழுவதும் விளக்கை அணைத்துவிட்டு மலைக்குள் போனோம். கவாத்து வெட்டாத தேயிலைக்கு அடியில், ஈர மண்ணில், அட்டை கடிக்கக் கடிக்கப் படுத்துக் கிடந்தோம். கைக்குழந்தைகளின் வாயில் சீலைத் துணி. கீழே பாதையில் ஒரு லொறி வந்து நின்றது. அதன் வெளிச்சம் முள்முருங்கை உச்சியில் ஏறி, அப்படியே நின்றது. எனக்குப் பல் கிட்டியது. அப்பாயி என் தலையைத் தன் மடிக்குள் இழுத்து, மூச்சுக்கும் குறைவான குரலில், ராசா அதத் தூக்கித் தோளுல போட்டுக்கிட்டு நடந்தான் என்று தொடங்கினாள். சுடலைக் கதை. மூன்று பேர் வந்தார்கள், பெண் செத்தாள், பெண் எழுந்தாள். வேதாளம் கேட்டது.

லொறியின் எஞ்சின் இன்னும் அணையவில்லை. ‘சாம்பல்ல படுத்தவனுக்கு’ என்றாள். ராசா பேசிவிட்டான், அது போய் மரத்தில் ஏறிக்கொண்டது. அவன் திரும்பி நடந்தான். அப்பாயி அடுத்த கதையை எடுத்தாள்.